திராட்சைக்கும் ஒரு மாநிலம்

சுவிஸ் நாட்டின் காலநிலை எப்படி என்று நம்மவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "குளிர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். நாமும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்தோம். 2024 செப்ரெம்பர் கடைசியில் நான்கு நாட்கள் மூன்று மாநிலங்களின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து வந்த பிறகுதான் அந்த ஒரு சொல் போதாது என்பது விளங்கியது.

பயணத்துக்குக் காரணம் ஒரு கடிதம். வலே மாநிலத்தின் தலைநகரான சியோனில் குடியமர்த்தப்பட்ட ஒரு தம்பி எழுதியிருந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இந்நாட்டுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம். "எங்களை இந்த மலைப் பள்ளத்துக்குள்ளை கொண்டுவந்து விட்டிட்டினம். அக்கா சூரிச்சிலை இருக்கிறா. மாநிலம் மாறுறதுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தருவீங்களோ?" என்பதே கடிதத்தின் சாரம்.

அகதி விண்ணப்பம் செய்வோரை மாநிலங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டு அனுப்புவது இந்நாட்டு வழக்கம். யார் எங்கே போவது என்பது நம் கையில் இல்லை. இந்த மனக்குறை புதிதாக வந்த அநேகருக்கு உண்டு. நேரில் போய்ப் பேசுவோம் என்று நாம் மூவர் புறப்பட்டோம். அறுவடைக் காலமாகவும் இருந்தபடியால், வழியில் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்து எழுதுவதென்று தீர்மானித்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடியால் நம் குடும்பங்கள் படும் பாடு எமக்குத் தெரியும். குடியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. வெயிலும் மழையும் காற்றும் ஒரு கொடியை எப்படி ஆக்குகின்றன என்று, தோட்டக்காரர் பிள்ளைகளாகிய நாம் கண்டதைத்தான் எழுதுகிறோம்.

ஏரிக்கரையில்

பேர்னிலிருந்து லோசான் போகும் புகையிரதம் ஒரு சுரங்கப் பாதையைக் கடந்து வெளியே வந்ததும் கண் முன்னே லெமான் ஏரி விரிகிறது. பாடசாலையில் ஜெனீவா ஏரி என்று நாம் படித்தது இதைத்தான். தண்ணீர் விளிம்பிலிருந்து மேலே உயரம்வரை படிப்படியாகக் கல்மதில்கள். மதிலுக்கு மதில் இடையில் திராட்சைக் கொடிகள். லவோ என்பது இப்பகுதியின் பெயர். வோ மாநிலத்தில், லோசானின் கிழக்கு எல்லையிலிருந்து மொந்த்ரே பக்கமாகச் சுமார் 30 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரமாகக் கிடக்கிறது. இன்று நாம் காணும் இந்த அடுக்குத் தோட்டங்களின் தொடக்கம் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில், துறவி மடங்களின் காலத்தில். 2007ல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

லோசானில் இறங்கிச் சிறிய புகையிரதம் ஒன்றில் ரிவா என்னும் கிராமத்துக்குப் போனோம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் குனிந்து கத்தரியால் குலைகளை வெட்டிப் பெட்டிகளில் வைத்தார்கள். நின்று பார்க்கவே கால் நடுங்கும் சரிவு. நிறைந்த பெட்டிகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் ஒரு சிறு வண்டி மேலே இழுத்துப் போனது.

மதிலில் சாய்ந்து நின்ற ஒரு முதிய தோட்டக்காரர் எம்மைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். "எங்களுக்கு மூன்று சூரியன்" என்றார். இப்பகுதியில் எல்லோரும் சொல்லும் பேச்சு அது. வானத்துச் சூரியன் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் தெறித்து மேலே வரும் வெளிச்சம் இரண்டாவது. பகல் முழுதும் வெயிலைக் குடித்து இரவில் சூட்டை வெளிவிடும் கல்மதில் மூன்றாவது. சரிவு தெற்கு நோக்கி இருப்பதால் தாழ்ந்து நிற்கும் வெயிலும் நேராக விழுகிறது. 300 மீற்றருக்கு மேல் ஆழமான ஏரி கோடையின் வெப்பத்தை மெல்ல மெல்ல விடுவதால் குளிர்காலக் கடுமையும் சற்றுத் தணிகிறது.

இவ்வளவு இருந்தும் இது வெப்பமான இடமல்ல. ஆண்டுக்குச் சுமார் 1,150 மில்லிமீற்றர் மழை. இங்கே பெரும்பாலும் நிற்பது ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. அதிக வெயில் கேளாமல் காலத்தோடு பழுக்கும் இனம். இதன் தாயகம் இந்த ஏரிப் பகுதியாகவே இருக்கலாம் என்று மரபணு ஆய்வுகள் சுட்டுகின்றன. இதிலிருந்து வரும் வைன் இலேசானது, மென்மையானது, புளிப்பு மெல்லெனத் தெரிவது.

இங்கே ஒரு சூத்திரத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும். காயாக இருக்கும்போது திராட்சை புளிக்கும். வெயில் ஏற ஏறச் சீனி கூடும், புளிப்புக் குறையும். அந்தச் சீனியே புளித்து மதுசாரமாகிறது. ஆகவே குளிர்ந்த இடத்து வைன் புளிப்பும் இலேசும் உடையது. வெப்பமான இடத்து வைன் கனமும் வலுவும் உடையது. இரவு குளிர்ந்தால் புளிப்பு தங்கும். பழுக்கும் நேரத்தில் மழை கொட்டினால் பழம் வெடித்து அழுகும்.

"இந்த வருடம் எப்படி?" என்று கேட்டோம். முதியவர் கையை விரித்தார். 2024ல் மழை அதிகம். இலையிலும் குலையிலும் பூஞ்சண நோய் பிடித்து விளைச்சல் குறைந்துவிட்டது. 2021ல் இதைவிட மோசம். வசந்தத்தில் உறைபனி, கோடையில் விடாத மழை. "வானம் தருவதுதான் எங்களுக்கு" என்றார். எங்கள் ஊர்த் தோட்டக்காரரும் இதைத்தானே சொல்வார்கள்!

மலைப் பள்ளத்தில்

ஏரி முடியும் இடத்தில் புகையிரதம் ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. மார்த்தினி என்ற ஊரில் பள்ளத்தாக்கு சடாரென்று கிழக்கே திரும்புகிறது. அதற்குப் பிறகு இரு பக்கமும் நாலாயிரம் மீற்றரைத் தொடும் மலைகள். எந்தப் பக்கமிருந்து வரும் மழை மேகமும் மலைக்கு அப்பாலேயே தன் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வருகிறது.

வாசகர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சியோனில் சுமார் 600 மட்டுமே. "வறண்ட பிரதேசம்" என்று புவியியல் புத்தகத்தில் எழுதப்பட்ட எங்கள் மண்ணில் பெய்வதில் பாதி! பனிமலைகளுக்கு நடுவே இப்படி ஒரு வரட்சியை நாம் எதிர்பார்க்கவில்லை. சரிவுகளில் கள்ளிச் செடிகள் தாமாக முளைத்துக் கிடக்கின்றன.

தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? பனியாறு உருகும் உயரத்திலிருந்து மலை விளிம்பில் வாய்க்கால் வெட்டிக் கிலோமீற்றர் கணக்கில் நீரைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சில் இவற்றை 'பிஸ்' என்பார்கள். பாறை செங்குத்தான இடங்களில் மரப்பலகையால் பீலி தொங்கவிட்டிருக்கிறார்கள். யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பதை மரக்கட்டைகளில் வெட்டுக்குறி போட்டுக் கணக்கு வைத்தார்கள். எமக்கு ஊர்ப் பங்குக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு யார் முறை, நாளைக்கு யார் முறை என்ற அதே ஒழுங்கு. சிலவேளை அதே சண்டையும் இருந்திருக்கும்.

இந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறது. ஏரிக்கரையில் பார்த்த அதே ஷாஸ்லா இங்கும் உண்டு. ஆனால் பெயர் வேறு: ஃபாந்தான். வெயில் கூடியபடியால் புளிப்புக் குறைந்து, வைன் இன்னும் உருண்டு திரண்டதாக வருகிறது. ஒரே இனக்கொடி; புகையிரதத்தில் ஒரு மணி நேரத் தூரம்; சுவை வேறு, பெயரும் வேறு.

இந்த வெயிலை நம்பியே வாழும் இனங்களும் உண்டு. பெற்றீற் ஆர்வின் என்பது இம்மாநிலத்தின் சொந்தப் பிள்ளை. மிகப் பிந்திப் பழுக்கும். நல்ல சரிவில் நீண்ட இலையுதிர்காலம் இருந்தால்தான் சரிவரும். இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காக்கிறது. கடைசியில் நாக்கில் ஓர் உப்புக் கரிப்புத் தங்கும் என்று சொல்வார்கள். மற்றவர்கள் அறுவடை முடித்த பின்னும் இது கொடியிலேயே நிற்கும். 'ஃபோன்' என்னும் காற்று மலையிலிருந்து இறங்கும்போது வெப்பமும் வரட்சியும் அடைந்து வருவதால் பழம் அழுகாமல் வற்றுகிறது. அப்படி வற்றிய பழத்திலிருந்து இனிப்பு வைன் செய்கிறார்கள். ஃபோன் என்றதும் தொலைபேசி என்று நினைக்க வேண்டாம். தலைமயிர் உலர்த்தும் கருவிக்கு ஜெர்மன் மொழியில் உள்ள அதே பெயர்தான்! இன்னும் கிழக்கே, ஃபிஸ்பர்ரெர்மினென் என்ற கிராமத்தில் 1,100 மீற்றர் உயரத்திலும் ஹைடா என்ற இனத்தைப் பயிரிடுகிறார்கள். ஐரோப்பாவிலேயே மிக உயரத்திலுள்ள திராட்சைத் தோட்டங்களில் அது ஒன்று.

மாலையில் தம்பியின் வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடியில் சிறிய வீடு. தம்பி முகம் வாடியிருந்தார். மனைவி வேலை முடிந்து அப்போதுதான் வந்தார். அனுமதி பெற்று அறுவடை வேலைக்குப் போகிறாராம். கையெல்லாம் பழச்சாறு பட்டுக் கறுத்திருந்தது. பிறந்த ஊர் வலிகாமத்துச் செம்மண் பகுதி. தகப்பனார் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர். திராட்சையை நாங்கள் ஊரில் முந்திரிகை என்றுதானே சொல்வோம்.

"வந்த முதல் குளிர்காலம் யன்னலாலை பாத்தா மலை முழுக்கக் கறுத்தக் கட்டையள் அண்ணை. எல்லாம் பட்டுப்போச்செண்டு நினைச்சன். எங்கடை பந்தல் ஒருநாளும் அப்படி நிண்டதில்லை" என்றார். "பிறகு பாத்தா, அந்தப் பட்ட கட்டையையும் விடாமல் வெட்டிச்சினம். வசந்தத்திலை வெட்டின இடத்தாலை சொட்டுச் சொட்டாத் தண்ணி வடியுது. 'கொடி அழுகுது' எண்டு சொல்லுவினம். அப்பதான் உயிர் இருக்கெண்டு விளங்கிச்சுது."

நாம் கேட்டு அறிந்தது இது. திராட்சை குளிர்காலத்தில் உறங்கி எழும் செடி. இங்கே ஏப்ரலில் துளிர்த்து, ஜூனில் பூத்து, பூத்துச் சுமார் நூறு நாளில் அறுவடைக்கு வரும். யாழ்ப்பாணத்தில் அதற்கு உறக்கம் கிடையாது. கத்தரித்துத்தான் அதை எழுப்ப வேண்டும். கத்தரித்துச் சுமார் நான்கு மாதத்தில் பழம். ஆகவே ஆண்டுக்கு இருமுறை காய்க்க வைக்கலாம். வடகீழ்ப் பருவமழையில் பழம் அகப்படாமல் நாள் பார்த்துக் கத்தரிப்பதுதான் அங்கே கெட்டித்தனம். இங்கே குளிர் செய்யும் வேலையை அங்கே கத்தி செய்கிறது.

"அவவுக்கு இஞ்சை பிடிச்சுப்போச்சு" என்றார் தம்பி. "நான் ஆரோடை கதைக்கிறது? கோயிலெண்டாலும் கடையெண்டாலும் அங்காலைதான். அக்கா இருந்தும் இல்லாத மாதிரி."

"அக்காவிட்டைப் போறது எனக்கும் விருப்பம்தான்" என்றார் மனைவி. "ஆனா மூத்தவன் இப்பதான் பிரெஞ்சு கதைக்கத் தொடங்கினவன். சூரிச்சிலை திரும்ப ஜெர்மனிலை முதல் எழுத்திலையிருந்தெல்லே?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நாம் தெரிந்ததைச் சொன்னோம். விண்ணப்பம் முடிவாகாத நிலையில் மாநிலம் மாற்றுவது கடினம். சட்டம் குடும்பம் என்று கொள்வது பொதுவாகக் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகளை. தமக்கை இருப்பது போதிய காரணமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. சட்ட உதவி நிலையத்தில் கேட்டுவிட்டு அனுப்பும்படி கூறி, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தோம்.

மலைக்கு அப்பால்

அடுத்தது ரிச்சினோ. சியோனிலிருந்து குறுக்கு வழி இத்தாலியின் ஒரு மூலையை ஊடறுத்துப் போகிறது. மிக அழகான பாதை என்பார்கள். ஆனால் எம்மில் ஒருவரிடம் அகதி விண்ணப்பதாரருக்கான அட்டை மட்டுமே இருந்தது. அந்த அட்டையோடு நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. புதிதாக வந்தவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். புகையிரதம் எல்லையைக் கடப்பது பல வேளைகளில் தெரியவே தெரியாது. நாம் பேர்ன், லுட்சேர்ன் வழியாகச் சுற்றி, 2016ல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கப் பாதையால் போனோம். வடக்கே கம்பளிச் சட்டையோடு உள்ளே நுழைந்தோம். தெற்கே வெளியே வந்தபோது வெயில். லொகார்னோ ஏரிக்கரையில் பனைச் சாதி மரங்கள்கூட நிற்கின்றன.

இங்கே வெயிலும் உண்டு, மழையும் உண்டு. ஆண்டுக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் வெயில். அதோடு சுமார் 1,900 மில்லிமீற்றர் மழை. சியோனைப்போல் மூன்று மடங்கு. தெற்கிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி ஒரே மூச்சில் கொட்டிவிட்டு ஓய்கிறது. கல்மழையும் விழும். அதனால் பல தோட்டங்களில் கொடிகளுக்கு வலை கட்டியிருந்தார்கள்.

இங்கே ஆட்சி செய்வது மெர்லோ என்ற சிவப்பு இனம். தோட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அதுவே. ஆனால் அது இந்த மண்ணின் பிள்ளையல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைகளை அழித்தது. சுவிஸில் 1874ல் ஜெனீவாப் பக்கம் முதலில் காணப்பட்டது. பிற்பாடு அமெரிக்கக் கொடியின் அடிக்கட்டையில் ஐரோப்பிய இனங்களை ஒட்டி நட்டபோதுதான் பயிர் மீண்டது. ரிச்சினோவில் பழைய இனங்கள் அழிந்துபோக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இனங்களை நட்டுச் சோதித்து மெர்லோவைத் தெரிந்தெடுத்தார்கள். பிரான்சின் பொர்தோவிலிருந்து வந்த அது இந்தச் சூட்டில் நன்கு பழுத்தது. இன்று மெர்லோ என்றால் ரிச்சினோ என்கிறார்கள்.

பெலின்சோனாவுக்கு அருகில் 1980களில் வந்து குடியேறிய ஒரு ஐயாவின் வீட்டில் மதியச் சாப்பாடு. முற்றத்தில் கருங்கல் தூண் நட்டு, மேலே தடி போட்டு, திராட்சைப் பந்தல்! இது ஐயாவின் கைவேலை என்று நினைத்தோம். அவர் சிரித்தார். "இல்லைத் தம்பி, வீட்டோடை இருந்தது. இஞ்சத்தைச் சனத்தின்ரை பழைய முறை இதுதான். வீடு பாக்க வந்தண்டைக்கு இதைக் கண்டுதான் சரியெண்டு சொன்னனான்." ஈரம் கூடிய இடத்தில் குலை தரையிலிருந்து உயரத் தொங்கிக் காற்றுப் படுவது நல்லது. ஊரில் நாம் பந்தல் போட்டதிலும் இந்த வசதி உண்டு. பந்தலில் கிடந்தது இசபெல்லா என்ற அமெரிக்க இனம், நோய்க்கு அஞ்சாதது. தோல் தடித்த கறுத்தப் பழம், வாசனை தூக்கலாக இருந்தது. பிள்ளைகள் போல் உரித்து உரித்துத் தின்றோம்.

மாறிவரும் வானம்

மூன்று இடங்களிலும் ஒரு கவலையைக் கேட்டோம். கோடை சூடாகிறது, அறுவடை முந்துகிறது. சூடு கூடினால் ஷாஸ்லாவின் மெல்லிய புளிப்பு போய்விடும். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. வலேயின் வாய்க்கால்கள் அந்தப் பனியை நம்பியவை. முந்தித் துளிர்க்கும் கொடியை ஏப்ரல் உறைபனி சுடுகிறது. 2017 ஏப்ரலில் அப்படிப் பெருநட்டம். அப்படியான இரவுகளில் வலேயில் கொடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைக் காக்கிறது. நோயைத் தாங்கும் புதிய இனங்களையும் நடுகிறார்கள். லோசானுக்கு அருகே புயீ ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 2013ல் வெளிவந்த டிவிக்கோ அவற்றில் ஒன்று. பல தலைமுறையாக அதே மண்ணில் இருப்பவர்களும் இடத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

குடும்பமாகப் போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். லவோவில் தோட்டங்களுக்கு நடுவே நடைபாதை உண்டு. செலவில்லாமல் ஒரு நாளைக் கழிக்கலாம். கொடியில் தொங்கும் பழத்தைப் பிள்ளைகள் பறிக்க விடாதீர்கள். அது அவர்களது வருட உழைப்பு. வழியில் விற்கும் புளிக்காத திராட்சைச் சாறு பிள்ளைகளுக்கு ஏற்றது. புளிக்கத் தொடங்கிய சாறும் விற்பார்கள், கேட்டு வாங்குங்கள். அறுவடை வேலைக்குப் போவோர் அனுமதி, எழுத்து ஒப்பந்தம், விபத்துக் காப்புறுதி மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பில் வேலை செய்து அகப்பட்டால் நட்டம் உங்களுக்கே.

2025 பெப்ரவரியில் சியோனிலிருந்து தம்பி தொலைபேசியில் பேசினார். கத்தரிப்பு வேலைக்கு ஆள் போதாமல் மனைவியோடு தானும் போகிறாராம். எந்தக் கணுவை விடுவது, எதை வெட்டுவது என்று மனைவிதான் சொல்லிக் கொடுக்கிறாராம். விரல் விறைக்கிறது என்று முறைப்பட்டார்.

"விண்ணப்பம் என்னாச்சுது?" என்று கேட்டோம்.

"மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது அண்ணை. இன்னும் அனுப்பேல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "கிழிக்கவும் இல்லை" என்றார்.